அளத்துத் தெருவின் ஏழு முகங்கள்

கடலும் நிலமும் தங்கள் எல்லைத் தகராறை இன்னும் தீர்த்துக்கொள்ளாத காரைமுனையில், உப்பளங்களுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே, அளத்துத் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. அந்தத் தெருவில் பிறந்த எவருக்கும் தம் முகம் தெரியாது. கண்ணாடி முன்னால் நின்றால் சேலைக் கரை தெரியும், சட்டைப் பொத்தான் தெரியும், கழுத்துச் சங்கிலி தெரியும்; கழுத்துக்கு மேலே, வெள்ளையடித்த சுவர் மழையில் நனைந்தாற்போல ஒரு மங்கலான வெண்மை மட்டுமே தெரியும். உப்புப் பாத்திகளில் தேங்கி நிற்கும் நீரில் வானம் முழுவதும் விழுந்து கிடக்கும், பறந்து போகும் பூநாரை விழும், குனிந்து உப்பை வாரும் பெண்ணின் கைப்பலகை விழும். அவள் முகம் விழாது.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில், மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து எழுதுவதையே உத்தியோகமாகக் கொண்டிருந்த ஓர் அதிகாரி அந்தத் தெருவுக்கு வந்தார். உப்புக் காய்ச்ச உரிமம் வாங்கித் தருவதாகச் சொல்லி, பார்ப்பதற்கு லட்சணமான ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து, முகத்தில் எண்ணெய் தடவி, மூச்சு விடுவதற்கு நாசியில் பப்பாளித் தண்டைச் செருகி, குழைத்த வெள்ளைச் சாந்தைப் பூசி, அது இறுகும்வரை மல்லாக்கக் கிடத்தி, ஏழு அச்சுகளை எடுத்துக்கொண்டு கப்பலேறிப் போனார். உரிமம் வரவில்லை. ஏழு பேரும் எழுந்துபோய்ப் பாத்தி நீரில் குனிந்தபோது கழுவுவதற்கு முகம் இருந்தது, பார்ப்பதற்கு இல்லை. மறுநாள் தெரு முழுவதற்கும் அப்படியே ஆயிற்று. அதற்கு மேல் யாரும் ஆராயவில்லை. விடிந்தால் தலை வாரவேண்டும், பொட்டு வைக்கவேண்டும், வேலைக்குப் போகவேண்டும்.

ஆகவே அந்தத் தெருவில் முகம் என்பது காணும் பொருளாக இல்லாமல் கேட்கும் பொருளாயிற்று. காலையில் பல் துலக்கியதும் ஒவ்வொருவரும் தமக்கு முகம் சொல்பவரின் எதிரில் போய் உட்காருவார்கள். சொல்பவர் அவசரப்படாமல், நெற்றியில் தொடங்கி மோவாய்வரை இறங்கி, இடது இமை தடித்திருக்கிறது, பொட்டு வலப்பக்கம் ஒரு நூல் நகர்ந்திருக்கிறது, மூக்கோரத்தில் கஞ்சி காய்ந்திருக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொல்ல, கேட்பவர் தடவித் தடவித் திருத்திக்கொள்வார். பிள்ளைகளுக்குத் தாய் சொல்வாள். கல்யாணமான பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் ஒருத்தி சொல்வாள். ஆண்களுக்கு அண்ணனோ தம்பியோ பங்காளியோ. இந்த வழக்கத்துக்கு இரண்டு விதிகள் இருந்தன. முகம் சொல்பவர் உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும் என்பது ஒன்று. ஒருவருடைய முகத்தைப் பற்றி, அவருக்கு முகம் சொல்பவரைத் தவிர வேறு எவரும், கட்டிய கணவனே ஆனாலும், ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது மற்றொன்று. அடுத்த வீட்டுச் சோற்றுப் பானையைத் திறந்து பார்ப்பதைவிடக் கேவலமான காரியமாக அது எண்ணப்பட்டது. முதல் விதியை யாரும் சோதித்ததில்லை. இரண்டாவது விதி இருக்கும்வரை சோதிப்பதற்கு வழியுமில்லை.

உலகமும் இதற்குத் தக்கபடி வளைந்துகொடுத்தது. வளையல்காரர்கள் வந்தார்கள், கண்ணாடி விற்பவர்கள் வரவில்லை. வெளியூரிலிருந்து வந்த நாவிதர், கடைக் கண்ணாடியில் வாடிக்கையாளரின் முகம் விழாததால், அதில் தம் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு சவரம் செய்யப் பழகினார். ஆதார் அட்டைக்குப் படமெடுக்க வந்தவர், திரையில் வரிசையாக வெண்மைப் படலங்களாக விழுவதைக் கண்டு பெட்டியைத் தட்டிப் பார்த்தபோது, ஊர்த் தலைவர் சுயம்புலிங்கம், “நாட்டுல எல்லாரு அட்டையிலயும் மூஞ்சி இப்படித்தானய்யா இருக்கு? எங்களுக்கு மட்டும் என்ன தனியா?” என்று கேட்டார்; படமெடுக்க வந்தவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, அடுத்த ஆளை உட்காரச் சொன்னார்.

அந்தத் தெருவில் வாழ்ந்தவள்தான் பேராச்சி. அச்செடுக்கப்பட்ட ஏழு பேரில் ஒருத்தியின் கொள்ளுப்பேத்தி. அவளுடைய பெயரையே தாங்கியவள். பத்தொன்பது வயதில் அதே தெருவில் வாழ்க்கைப்பட்டு, சில ஆண்டுகளுக்கு முன்பு கணவனை உப்பு லாரி விபத்தில் பறிகொடுத்தவள். அவளுக்கு முகம் சொல்பவள் கணவனின் அக்காள் தங்கபுஷ்பம். கல்யாணமாகாமல் தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டவள், சொல்லில் சிக்கனம், கையில் சுத்தம். கல்யாணமான முதல் கோடையிலேயே தங்கபுஷ்பம் ஒரு காலை, “தாயி, இடது கன்னத்துல மங்கு விழுந்திருக்கு. வெயில் பட்டா படரும். முந்தானையை இழுத்து மூடிக்க” என்று சொன்னாள். மங்கு என்பது வெயிலில் உழைக்கும் பெண்களின் கன்னத்தில் கறுப்பாகப் படரும் கறை; அளத்தில் யாருக்கும் புதிதல்ல. அன்றிலிருந்து இருபத்தேழு ஆண்டுகளாகப் பேராச்சி முந்தானையை இடது கன்னத்தின் மேல் இழுத்துச் செருகிக்கொண்டே உப்பு வாரினாள், அப்படியே கடைக்குப் போனாள், அப்படியே கணவனின் பிணத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். வெள்ளிக்கிழமைதோறும் தங்கபுஷ்பம் ஜாதிக்காயைக் கல்லில் இழைத்து அந்தக் கன்னத்தில் பூசிவிட்டாள். மங்கு மறையவில்லை என்றும் தவறாமல் சொன்னாள். பெண் தொழிலாளர்களின் சார்பில் கலெக்டர் முன்னால் நின்று பேச அவளைவிட்டால் ஆளில்லை என்று சங்கத்தார் மூன்று முறை வந்து கேட்டபோது, “இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டா?” என்று சொல்லிப் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள், அவள் எழுதிக்கொடுத்ததை வேறொருத்தி திக்கித் திக்கிப் படித்தாள்.

இப்படி இருக்கும்போதுதான், கடல் கடந்த ஒரு தலைநகரத்தில் இருக்கும் மாபெரும் அருங்காட்சியகத்திலிருந்து, ஏழு முகங்களும் தங்களிடம் இருப்பதாகவும் அவற்றை அனுப்பிவைப்பது பற்றிப் பேச விரும்புவதாகவும் செய்தி வந்தது. அங்கே வெகு காலமாக வாதம் நடந்துகொண்டிருந்ததாம். பிறர் மண்ணிலிருந்து எடுத்துவந்ததைத் திருப்பித் தருவதே முறை என்று ஒரு கட்சி. தரத் தொடங்கினால் கடைசியில் சுவரும் காவலாளியும்தான் மிஞ்சுவார்கள் என்று ஒரு கட்சி. இவை உலகத்தார் அனைவருக்கும் பொதுவான செல்வம், ஆகவே உலகத்தார் அனைவரும் வந்து பார்க்கக்கூடிய இடத்தில் இருப்பதே நியாயம் என்று மூன்றாவது கட்சி.

“எல்லாருக்கும் பொதுன்னா, அந்தக் கட்சிக்காரரு மூஞ்சிய ஒரு வருசம் இங்கன அனுப்பி வைக்கட்டும். நாங்களும் கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பாக்கோம்” என்றாள் பக்கத்து வீட்டு முத்துக்கிளி. அவளுக்கு நாக்கு சும்மா இருக்காது.

கடைசியில் மூன்று கட்சியும் கூடி ஒரு முடிவுக்கு வந்தன. முகங்கள் மூன்றாண்டுக் காலத்துக்கு இரவலாகக் கொடுக்கப்படும், உடைமை அருங்காட்சியகத்துடையதே, சமுதாயக் கூடத்தில் குளிர்சாதனம் பொருத்திய பெட்டிக்குள் இருக்கும், இந்த நிபந்தனைகளுக்கு ஏழு பேரின் வாரிசுகளும் கையெழுத்திட்டு ஒப்பவேண்டும், தொகுப்பைப் பிரிக்க இயலாது என்பதால், ஒருவர் மறுத்தாலும் ஏழும் வராது.

“என் பாட்டன் மூஞ்சிய எனக்கே எரவல் குடுக்கானா?” என்றார் சுயம்புலிங்கம். ஆனால் அவர் கையெழுத்திட்டார். ஏனென்றால், முகங்கள் வந்து சேர்ந்தால் கண்ணாடியில் தங்கள் முகம் தெரியத் தொடங்கும் என்று, யார் சொல்லி என்று தெரியாமலே, தெரு முழுவதும் நம்பியது.

நம்பியது என்று சொல்வதும் சரியில்லை. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து அந்தத் தெருவில் யாரும் எதையும் முழுதாக நம்பவில்லை. நூறு வருஷம் வைத்திருந்தவன் இன்று கொடுக்கிறான் என்றால் இதற்குப் பதிலாக எதை எடுக்க வருகிறான் என்று கேட்டார்கள். அசலை அங்கே வைத்துக்கொண்டு நகலை அனுப்புவான் என்றார்கள். முகம் கொடுக்கிற சாக்கில் தெருவைக் காலி செய்ய வைத்துப் பாத்திகளை வளைக்கப் போகிறார்கள் என்றார்கள். வெளியே இவ்வளவும் பேசியவர்கள், உள்ளே வேறொன்றை நினைத்துக் காலையில் தமக்கு முகம் சொல்பவரைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கத் தொடங்கினார்கள். தம்பிக்கு எடுப்பான மூக்கு என்று ஆயுள் முழுவதும் சொல்லிவந்த ஓர் அண்ணன், அவசர வேலையென்று திருப்பூருக்குப் பஸ் ஏறினார். மூக்குத்தி அமைப்பாக இருக்கிறது என்று சொல்லப்பட்ட ஒருத்தி, எதற்கும் இருக்கட்டும் என்று அதைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். புருஷன்மார் பெண்டாட்டிமார் முகத்தையும், பெண்டாட்டிமார் புருஷன்மார் முகத்தையும், சந்தையில் மீன் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். விதி விதிதான், யாரும் வாய் திறக்கவில்லை.

ஆறு வாரிசுகள் கையெழுத்திட்டார்கள். ஏழாவது பேராச்சி.

தெருவிலேயே வெளிப்படையாக எதிர்த்தவள் தங்கபுஷ்பம் ஒருத்திதான். பொதுக்கூட்டத்தில் வாயே திறக்காதவள், ஆறு பேர் கையெழுத்திட்ட அன்று எழுந்து நின்று பேசினாள். “எரவல் குடுத்தவன் திரும்பக் கேப்பான். கேட்டா குடுத்துத்தான் ஆகணும். தெரியாம இருந்து பழகியாச்சு. மூணு வருசம் பாத்துட்டு, பொறவு அவன் எடுத்துட்டுப் போனா, அந்த வெள்ளச் சொவத்த மறுபடி பாக்க நம்மால ஏலுமா?”

பலர் தலையாட்டினார்கள், நியாயமான பேச்சுதான். பேராச்சி மட்டும் பேசுகிறவளின் வாயைப் பார்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் சுத்தமான அந்தப் பெண், தன் முந்தானையின் நுனியை இழை இழையாகப் பிரித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் பேராச்சிக்கு, கல்லில் ஜாதிக்காய் இழைக்கிற சத்தம், யாரும் இழைக்காமலே, காதில் கேட்டது.

சந்தேகம் வந்தபின் மனிதர்கள் செய்கிற சிறுமைகளையெல்லாம் அவளும் செய்தாள். ஒரு நாள், கணவன் போனபின்பும் விடாமல் வைத்துவந்த பொட்டை வேண்டுமென்றே தள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “எடப்பக்கமா போயிருக்கு, நேராக்கு” என்றாள் தங்கபுஷ்பம். மறுநாள் அடுப்புக் கரியை மோவாயில் தொட்டுக்கொண்டாள். “மோவாயில கரி” என்றாள். புருவத்தில் ஒரு மயிரைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்தபோது, “புருவத்துல என்ன தாயி பண்ணுன?” என்று கேட்டாள். எல்லாவற்றிலும் அவ்வளவு சரியாக இருந்தாள் தங்கபுஷ்பம். அந்தச் சரியே பேராச்சியை அச்சுறுத்தியது. ஒரு பொய்யை ஒளித்துவைக்க இத்தனை உண்மை வேண்டியிருக்குமோ என்று எண்ணினாள். எண்ணிய மறுகணமே, பெற்ற தாய்க்கும் மேலாகத் தன்னைப் பார்த்துக்கொண்டவளைப் பற்றி இப்படி எண்ணலாமா என்று கூசினாள். கணவன் அந்தக் கன்னத்தில் உள்ளங்கையை வைத்து எதுவும் சொல்லாமல் இருப்பானே, அது இரக்கமா, வேறெதுவுமா? அவன் இப்போது இல்லை, கேட்க முடியாது. கையெழுத்திட்டால் கண்ணாடி சொல்லிவிடும். சொல்லியபின் அந்த வீட்டில் தங்கபுஷ்பத்தோடு எப்படிச் சோறு தின்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லாமல் விட்டால் எப்படித் தின்பது என்றும் தெரியவில்லை.

அருங்காட்சியகத்தின் சார்பில் தர்ஷிகா என்ற பெண் வந்தாள். பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து போரின்போது புறப்பட்டுப் போனவர்கள். அவள் அந்தத் தலைநகரத்திலேயே பிறந்து படித்தவள். தமிழில்தான் பேசினாள், அதுவே தெருவாருக்குக் கூடுதல் சந்தேகத்தைக் கொடுத்தது.

“நம்ம பேச்சுதான். ஆனா நம்ம பேச்சு இல்ல” என்று முத்துக்கிளி காதோடு சொன்னாள். “அசலா நகலான்னு மொதல்ல இந்தப் பிள்ளையவே உரசிப் பாக்கணும்.”

அளத்து வேலை முடிந்து எல்லாரும் குளித்துவிட்டு வந்த பிற்பகலில் சமுதாயக் கூடத்தில் கூட்டம் கூடியது. நல்லெண்ணத்தின் அடையாளமாக, காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துப்போவதற்கென்று, ஏழில் ஒன்றைத் தர்ஷிகா கையோடு கொண்டுவந்திருந்தாள். கையுறை மாட்டிக்கொண்டு, பெட்டியைத் திறந்து, பஞ்சை விலக்கி, அதை மேசைமேல் வைத்தாள். கண் மூடிய ஒரு பெண்ணின் முகம். பழைய பல்லின் நிறம். பப்பாளித் தண்டு இருந்த இடத்தில் நாசி சற்றே நசுங்கியிருந்தது. கீழே ஒட்டியிருந்த சீட்டில் பெயரில்லை. ‘உப்புப் பெண், மாதிரி’ என்று மட்டும் இருந்ததைத் தர்ஷிகாவே கூச்சத்தோடு படித்துச் சொன்னாள். ஏழு பேரில் ஒரே பெண்ணான பேராச்சியின் கொள்ளுப்பாட்டி அப்படி ஊருக்குத் திரும்பி வந்தாள். யாரோ எங்கிருந்தோ ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து சுவரில் மாட்டியிருந்தார்கள். ஒருவரும் அதற்கு நேராக நிற்கவில்லை, ஒருவரும் அதை ஓரக்கண்ணால் பார்க்காமலும் இல்லை.

“ஏழும் வந்தாத்தான் தெரியுமோ?” என்று ஒருவர் கேட்டார்.

“அதைப் பற்றி எங்கடை நிறுவனம் ஒரு உறுதியும் தரேலாது, ஐயா” என்றாள் தர்ஷிகா. பிறகு, யாராவது கடுமையாக ஏதாவது சொல்வதற்குள் தானே முந்திக்கொண்டு, “எடுத்த விதம் பிழைதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் நாங்கள் இவ்வளவு காலமும் பத்திரமா வைச்சிருந்தபடியாத்தான் இண்டைக்கு இது இருக்கு. இந்த உப்புக் காத்திலை இருந்திருந்தால் எப்பவோ கரைஞ்சு போயிருக்கும்” என்றாள்.

சுயம்புலிங்கம் பேனாவைப் பேராச்சியிடம் நீட்டினார். “போடு தாயி. ஒன் ஒருத்தி கையெழுத்துக்குத்தான் ஆறு வீடும் காத்துக்கெடக்கு.”

பேராச்சி பேனாவை வாங்கிக்கொண்டாள். எழுதவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் தூணோடு தூணாக நின்றிருந்த தங்கபுஷ்பத்தின் பக்கம் திரும்பினாள்.

“மைனி, எனக்கு முகம் சொல்லுங்க.”

“காலையில சொன்னேம்லா.”

“இங்கன சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

கூட்டத்தின் நடுவே முகம் சொல்லக் கேட்பது அந்தத் தெருவில் நடந்ததே இல்லை. ஆடையை அவிழ்ப்பதற்கு ஒப்பான காரியம் அது. பேராச்சி இடது கன்னத்திலிருந்த முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மேசையருகே, தன் கொள்ளுப்பாட்டியின் முகத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வேறு வழியில்லாமல் தங்கபுஷ்பம் எதிரே வந்து, நெற்றியில் தொடங்கினாள்.

பேராச்சி அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாகக் கூட்டத்தைப் பார்த்தாள். இதுநாள்வரை யாருக்கும் தோன்றாத காரியம் ஒன்று அன்று அவளுக்குத் தோன்றியிருந்தது: தன் முகத்தைத்தான் தன்னால் பார்க்க முடியாது, தன் முகத்தைப் பார்க்கிறவர்களின் முகங்களைப் பார்க்க முடியும். நெற்றியில் மூன்று கோடு என்று தங்கபுஷ்பம் சொன்னபோது கூட்டம் அவளை நேராகப் பார்த்தது. வலது புருவத்தில் நரை என்றபோதும் நேராகப் பார்த்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம் என்றபோது ஒன்றிரண்டு பேர் தம்மை அறியாமல் தலையாட்டினார்கள்.

“இடது கன்னத்துல,” என்றாள் தங்கபுஷ்பம். குரல் இறங்கிவிட்டது. “மங்கு.”

அத்தனை பேரும் தலைகுனிந்தார்கள். சுயம்புலிங்கம் மின்விசிறியைப் பார்த்தார். ஒருத்தி குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். அதன் மூக்கு ஒழுகவில்லை. நாக்கு சும்மா இருக்காத முத்துக்கிளி, குனிந்து கால் மெட்டியைத் திருகிக்கொண்டிருந்தாள். கண்ணாடி செய்யாத வேலையை அந்தக் குனிந்த தலைகள் செய்து முடித்தன.

“இல்லாத மங்குக்கு,” என்றாள் பேராச்சி மெதுவாக, “எத்தன ஜாதிக்காய் எழச்சீங்க மைனி?”

தங்கபுஷ்பம் யாருக்கும் கேட்காது என்று நினைத்துப் பேசுபவள் போல, வேகமாகச் சொன்னாள். “அப்ப அளத்துல ஒரு மேஸ்திரி இருந்தாம்லா. புதுப்பொண்ணு எவ வந்தாலும் ஆபீசக் கூட்டணும், தண்ணி எடுத்து வைக்கணும்னு உள்ள கூப்புடுவான். ஒன்னயும் பாக்க ஆரம்பிச்சான். தம்பிகிட்ட சொன்னா வெட்டுக்குத்து ஆகும். நான் என்ன செய்ய? மறைச்சு வச்சேன். நீ தலப்ப இழுத்து மூடுன பொறவு அவன் ஒன்னத் திரும்பிக்கூடப் பாக்கல. பாத்தானா, சொல்லு.”

“அவன் செத்து எத்தன வருசம் மைனி?”

பேராச்சி தானே கணக்குச் சொன்னாள்.

“நான் கலியாணம் முடிஞ்சு வந்த நாலாம் வருசம் செத்தான். நானே அவன் வீட்டுக்குப் போய்த் துட்டி கேட்டுட்டு வந்தேன். அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்லா?”

“சொல்லணும்னுதான் இருந்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்லணும்னு கல்ல எடுத்து வைப்பேன்.” தங்கபுஷ்பத்தின் கை மறுபடி முந்தானை நுனிக்குப் போயிற்று. “சொன்னா, இத மறைச்சவ இன்னும் என்னெல்லாம் மறைச்சாளோன்னு ஒனக்குத் தோணும். பொறவு என் முன்னால வந்து உக்காருவியா? எனக்குன்னு காலையில வந்து உக்கார வேற யாரு இருக்கா? நான் ஒண்ணும் அழிச்சிரல தாயி. ஒன் முகத்தப் பத்திரமாத்தான் வச்சிருந்தேன்.”

மேசையருகே, பஞ்சை எடுத்து மடித்துக்கொண்டிருந்த தர்ஷிகாவின் கை அப்படியே நின்றது.

பேராச்சி அழுவாள் என்று பெண்கள் எதிர்பார்த்தார்கள். அடிப்பாள் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அவள் பேனாவின் மூடியைத் திருகி மூடினாள்.

“நாளைலருந்து வீட்டுக்குள்ள வேண்டாம் மைனி. நீங்கதான் சொல்லணும், தெருவுல வச்சுச் சொல்லணும். எல்லாரும் கேக்கணும். பொய்யின்னா யார் வேணும்னாலும் பொய்யின்னு சொல்லலாம்.” பிறகு தர்ஷிகாவிடம் திரும்பினாள். “எங்களோடத நாங்க எரவல் வாங்க மாட்டோம்மா. நீங்க இத எடுத்துட்டுப் போங்க. போயி, அந்த ஏழு மூஞ்சியையும் வரிசையா வச்சு, இன்னார் இன்னார்னு பேரு எழுதி, என்ன சொல்லி ஏமாத்தி எடுத்தோம்ங்கதையும் பாக்க வர்ற ஒவ்வொருத்தரும் கேக்கும்படியாச் சொல்லுங்க. மொதல்ல அது நடக்கட்டும். பொறவு எரவலா சொந்தமான்னு பேசுவோம்.”

“அது என்ரை கையிலை இல்லை, அக்கா.”

“இத இங்க கொண்டு வந்ததும் ஒங்க கைதானம்மா. அந்தக் கையாலயே எழுதிக் குடுங்க.”

கூடம் பொங்கியது. ஆறு வீட்டாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். சுயம்புலிங்கத்துக்கு முகம் சிவந்தது. அது அவருக்குத் தெரியாது. “ஏழு வீட்டு மூஞ்சியும் ஒன் கையில இருந்துச்சு. இப்படிப் பண்ணிட்டியே. ஒன் ஒருத்திக்காகத் தெருவே குருடா கெடக்கணுமா?”

“என் மூஞ்சி ஒங்க எல்லார் கையிலயும் இருபத்தேழு வருசமா இருந்துச்சே அண்ணாச்சி” என்றாள் பேராச்சி. அவள் குரல் உயரவில்லை. கலெக்டர் முன்னால் பேசுவதற்காக அவளுக்குள்ளே எத்தனையோ காலமாகக் காத்திருந்த குரல் அது. “பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?”

அவர் உட்கார்ந்துவிட்டார். தர்ஷிகா அந்த வெள்ளை முகத்தைப் பஞ்சுக்குள் வைத்து மூடினாள். மூடும்முன், கையுறையைக் கழற்றிவிட்டு, அதன் நெற்றியை ஒருமுறை விரலால் தொட்டாள். அது விதிக்குப் புறம்பானது. தெருவார் பார்த்தார்கள், அதற்கும் ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ என்று வெகு காலம் பேசினார்கள்.

மறுநாள் காலை பேராச்சியின் முகம் பாத்தி நீரில் தெரிந்தது என்று காரைமுனைக் கடைத்தெருவில் சிலர் சொல்வார்கள். அது உண்மையல்ல. நீரில் வானம்தான் தெரிந்தது. நடந்தது இவ்வளவே: விடிந்ததும் பேராச்சி தெருவின் நடுவே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தாள்; எதிரே தங்கபுஷ்பம் உட்கார்ந்தாள், இரவெல்லாம் தூங்காத கண்ணோடு. வாசல்கள்தோறும் ஆட்கள் நின்றார்கள்.

“இடது கன்னத்துல மங்கு இல்ல” என்றாள் தங்கபுஷ்பம், எல்லாருக்கும் கேட்கும்படி. பிறகு தயங்கினாள். “ஆனா வெளுத்திருக்கு. வெயிலே படாம, மத்த எடத்துக்கும் அதுக்கும் ஒட்டாம நிக்கி.”

பேராச்சி திரும்பினாள். “முத்துக்கிளி, நெசமா?”

பிறர் முகத்தைப் பற்றி வாய் திறந்தே அறியாத முத்துக்கிளி, தொண்டையைக் கனைத்து, சேலையைச் சரிசெய்து, தன் கணவனை ஒருமுறை பார்த்துவிட்டு, “நெசந்தான்” என்றாள். “கருவாட்டுக் கூடைக்குள்ள ஒரு பல்லு வெள்ளப்பூண்டு வச்ச மாதிரி இருக்கு.”

தெரு சிரித்தது. பேராச்சி சிரிக்கவில்லை, ஆனால் முந்தானையை இடுப்பிலேயே விட்டுவிட்டு அளத்துக்கு நடந்தாள்.

அந்தக் கோடை முடிவதற்குள் வீட்டுக்குள் முகம் சொல்லும் வழக்கம் தெருவைவிட்டே போய்விட்டது. எல்லாரும் வாசலில் உட்கார்ந்தார்கள். சொல்பவர் சொல்ல, எதிர்வீட்டார் மறுக்க, பக்கத்து வீட்டார் திருத்த, காலைப்பொழுது சந்தைக்கடையாகி, அளத்துக்கு ஆள் பிந்தி வருவதாக முதலாளிகள் குறைப்பட்டுக்கொண்டார்கள். திருப்பூருக்குப் போன அண்ணன் திரும்பி வந்து, தம்பியின் மூக்கைப் பற்றித் தெருவறிய ஒப்புக்கொண்டார். அருங்காட்சியகத்திடம் கேட்டால், பேராச்சியின் நிபந்தனை பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. ஒவ்வொரு முறையும் அதே பதில் வந்தது.

தங்கபுஷ்பம் தினமும் சொன்னாள். இன்று கொஞ்சம் நிறம் ஏறியிருக்கிறது. இன்று தோல் உரிகிறது. இன்று காதோரம்வரை கறுத்திருக்கிறது. இரண்டு பெண்களும் ஒரே அடுப்பில் பொங்கி, ஒரே பானையில் தின்றார்கள். தேவைக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த சித்திரை பிறந்து, அளம் முழுவதும் உப்பு பூத்துக் கண்ணைக் கூசவைத்த ஒரு காலையில், பேராச்சி வழக்கம்போலப் பலகையில் உட்கார்ந்தபோது, தங்கபுஷ்பம் அவள் கன்னத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு கன்னமும் ஒண்ணாயிருச்சு தாயி” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

பேராச்சி பக்கத்து வீட்டைப் பார்த்தாள். “முத்துக்கிளி?”

முத்துக்கிளி வாசலில் நின்றபடி தலையை ஒருபக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள். “இன்னும் கொஞ்சம் வெயில் வேணும்.”

இரண்டு பதிலையும் பேராச்சி தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மூன்றாவதாக யாரையும் கேட்கவில்லை. எழுந்து, கைப்பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, இடது கன்னத்தைக் கிழக்கே திருப்பியபடி, வெயில் ஏறத் தொடங்கியிருந்த பாத்திகளை நோக்கி நடந்தாள்.